கடல்சார் உயிர்ப்படல ஆய்வும் தோல்தொற்று ஆய்வும்: இரு துறைகளின் வரலாறு (1926–2019)

ஆய்வுச் சுருக்கம்

கடலில் மூழ்கிய பரப்புகளின்மேல் நுண்ணுயிர்கள் கூட்டாகப் படிந்து வாழ்வதைக் கடலியலாளர்கள் 1930களிலேயே நிறுவினர். நீர்நிலைகளில் வாழும் சில நுண்ணுயிர்கள் மனிதத் தோலில் நோய் விளைவிப்பதை மருத்துவர்கள் 1950களில் நிறுவினர். இவ்விரு ஆய்வு மரபுகளும் பல பத்தாண்டுகள் ஒன்றையொன்று அதிகம் தொடாமலே வளர்ந்தன. அவற்றைப் பிரித்து வைத்தவை மாதிரி எடுக்கும் முறை, வளர்ப்பு வெப்பநிலை, பெயரிடும் மரபு ஆகியவை என்பதை மைக்கோபாக்டீரியம் மரைனம், விப்ரியோ வல்னிபிகஸ் ஆகிய இரு பாக்டீரியாக்களின் ஆய்வு வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உயிர்ப்படலம், கடல் நுண்ணுயிரியல், தோல்தொற்று, மைக்கோபாக்டீரியம் மரைனம், விப்ரியோ வல்னிபிகஸ், அறிவியல் வரலாறு

முன்னுரை

நீரில் கிடக்கும் கல்லிலும் படகின் அடிப்பகுதியிலும் தொட்டிச் சுவரிலும் கைவைத்தால் வழுக்கும் மெல்லிய படிவு ஒன்று தட்டுப்படும். பேச்சுவழக்கில் அதனைப் பாசி என்பர். அதில் பாசி இனங்கள் இருப்பது உண்மையே. ஆயினும் அப்படிவின் முதல் அடுக்கை இடுபவை பெரும்பாலும் பாக்டீரியாக்கள். அவை ஒரு பரப்பின்மேல் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசைப்பொருளுக்குள் பல இனங்களாகச் சேர்ந்து வாழ்கின்றன. இத்தகைய நுண்ணுயிர்த் திரளே இன்று உயிர்ப்படலம் எனப்படுகிறது.

உயிர்ப்படல ஆய்வின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பல், சிறுநீர்க்குழாய், செயற்கை மூட்டு, நுரையீரல் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. தோல் மருத்துவ நூல்களோ நீர்வழித் தொற்றுகளைத் தனித்தனி நோய்களாகப் பட்டியலிடுகின்றன. ஒரே சுவரின் வழுக்கலை ஒரு துறை கப்பலின் சிக்கலாகவும் மற்றொரு துறை முழங்கைப் புண்ணின் சிக்கலாகவும் பார்த்தன. இப்பிரிவுக்கு அறிவுக் குறைவைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் 1943ஆம் ஆண்டுக்குள்ளாகவே தேவையான அடிப்படை அறிவின் பெரும்பகுதி அச்சில் வெளிவந்துவிட்டது. எனவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது.

கண்ணாடித் தகடுகளும் கப்பலின் அடிப்பகுதியும்

கப்பலின் அடிப்பகுதியில் கொட்டலசுகளும் சிப்பிகளும் படிவதால் வேகம் குறைகிறது. எரிபொருள் செலவு கூடுகிறது. கடற்படைகளுக்கு இது பழைய தொல்லை. பெரிய உயிரினங்கள் வந்து ஒட்டுவதற்கு முன்பே அங்கு நுண்ணுயிர்கள் படிந்துவிடுகின்றன என்பதைச் சோதனை வழியாகக் காட்டியவர்களுள் முதன்மையானவர் கிளாட் ஜோபெல். அவர் 1932இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் சேர்ந்தார். ஆலனுடன் இணைந்து கண்ணாடித் தகடுகளைக் கடல்நீரில் மூழ்கவைத்து, குறித்த கால இடைவெளிகளில் எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். சில மணி நேரத்திற்குள்ளாகவே தகடுகளில் பாக்டீரியாக்கள் ஒட்டியிருந்தன. இம்முடிவுகள் 1935இல் ‘ஜர்னல் ஆஃப் பாக்டீரியாலஜி’ இதழில் வெளிவந்தன.

இதே காலத்தில் மின்னசோட்டாவில் ஆர்தர் ஹென்ரிசி நன்னீர் ஏரிகளில் கண்ணாடித் தகடுகளை மூழ்கவைத்து இதையொத்த முடிவுக்கு வந்தார். நீர்வாழ் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நீரில் மிதந்து திரிபவை அல்ல, மூழ்கிய பரப்புகளில் வளர்பவை என்பதே 1933இல் அவர் வெளியிட்ட கருத்தின் சாரம். ஹென்ரிசி பூஞ்சைகள், ஈஸ்டுகள், ஆக்டினோமைசீட்டுகள் பற்றி 1930இல் ஒரு பாடநூலும் எழுதியவர். நோய் விளைவிக்கும் நுண்ணுயிர்களை நன்கறிந்தவர். இரு துறைகளும் சந்தித்திருக்கக்கூடிய ஓரிடத்தில் அவர் நின்றார் என்று சொல்லலாம். அச்சந்திப்பு அப்போது நிகழவில்லை.

ஜோபெல்லின் கவனத்தை மற்றொரு புதிரும் ஈர்த்தது. கடல்நீரைக் குடுவையில் அடைத்து வைத்தால் அதிலுள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை விரைவாகப் பெருகியது. குடுவை சிறியதாக இருந்தால், அதாவது நீரின் கொள்ளளவுக்கு ஒப்பிடக் கண்ணாடிப் பரப்பு மிகுதியாக இருந்தால், பெருக்கமும் மிகுந்தது. 1936இல் ஆண்டர்சனுடன் சேர்ந்து இதனை வெளியிட்ட அவர், 1943இல் ‘திடப் பரப்புகள் பாக்டீரியச் செயற்பாட்டின்மேல் கொள்ளும் விளைவு’ என்னும் பொருளில் விரிவான கட்டுரை எழுதினார். கடல்நீரில் ஊட்டப்பொருள்கள் மிகவும் நீர்த்த நிலையில் உள்ளன. அவை திடப் பரப்பில் படிந்து செறிகின்றன. பாக்டீரியாக்கள் அங்கு ஒட்டி, தாம் சுரக்கும் நொதிகளையும் அவற்றால் கிடைக்கும் உணவையும் நீரோட்டத்தில் இழந்துவிடாமல் காத்துக்கொள்கின்றன என்பது அவர் தந்த விளக்கம். ஒட்டுதல் உடனடியாக உறுதிப்படுவதில்லை, சிறிது காலம் கழித்தே இறுகுகிறது என்பதையும் அவர் கவனித்திருந்தார். இக்கவனிப்புக்குக் கெவின் மார்ஷலும் அவருடைய குழுவினரும் 1971இல் சோதனை அடிப்படை தந்து, மீளக்கூடிய ஒட்டுதல், மீளாத ஒட்டுதல் என இரு கட்டங்களாக வகுத்தனர்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இத்துறைக்குக் கடற்படையின் ஆதரவு கிடைத்தது. வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் அமெரிக்கக் கடற்படைக்காகத் தொகுத்த ‘கடல் உயிரிப்படிவும் அதன் தடுப்பும்’ என்னும் பெருந்தொகுப்பு 1952இல் வெளிவந்தது. வண்ணப்பூச்சு, செம்பு, இரும்பு, மரம் ஆகியவையே இவ்வாய்வின் பரப்புகள். ஆய்வைப் பேணியது கப்பல் துறையாதலால், அப்பரப்பில் உரசும் மனிதத் தோல் அதன் கேள்விகளுக்குள் வரவில்லை.

மீன் காட்சியகம் முதல் நீச்சல்குளம் வரை

1926இல் ஜோசப் ஆரன்சன் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் இறந்த கடல்மீன்களின் உறுப்புகளில் காசநோய்க் கட்டிகளை ஒத்த முடிச்சுகளைக் கண்டார். அவற்றிலிருந்து பிரித்தெடுத்த அமிலம் தாங்கும் கோலுயிரிக்கு மைக்கோபாக்டீரியம் மரைனம் என்று பெயரிட்டார். கடலைச் சேர்ந்தது என்பதே அப்பெயரின் பொருள். கடல்மீனில் முதலில் அகப்பட்டதால் வந்த பெயர் அது. இவ்வுயிர் நன்னீரிலும் உவர்நீரிலும் வாழக்கூடியது; மனிதர்களை அது பெருவாரியாகத் தாக்கிய நிகழ்வுகள் கடலுக்கு வெளியேதான் பதிவாயின.

1942இல் பேக்கரும் ஹேகனும் மெக்சிகோவைச் சேர்ந்த ‘பிளாட்டி’ என்னும் நன்னீர் அலங்கார மீனில் இத்தகைய நோயைக் கண்டு, அதன் காரணிக்கு மைக்கோபாக்டீரியம் பிளாட்டிபொய்சிலஸ் என்று பெயர் சூட்டினர். மீனின் பெயரே பாக்டீரியத்தின் பெயராயிற்று.

மனிதத் தோலில் இவ்வுயிர் நோய் விளைவிப்பது சுவீடனில் வெளிப்பட்டது. எரெப்ரூ நகரின் நீச்சல்குளம் ஒன்றைப் பயன்படுத்தியவர்களுள் 80 பேருக்கு, குறிப்பாக முழங்கைகளில், ஆறாத சிறுமணிக்கட்டிகள் தோன்றின. நோர்டேனும் லினெலும் 1951இல் முதல் அறிக்கையையும், 1954இல் ஸ்காண்டிநேவியக் காசநோய் ஆய்விதழின் இணைப்பாக நெடிய ஆய்வொன்றையும் வெளியிட்டனர். நீச்சல்குளங்களில் காணப்படுவதும் மனிதத் தோலில் புண் விளைவிக்க வல்லதுமான புதிய கோலுயிரி என அவ்வாய்வின் தலைப்பிலேயே இவ்வுயிர் அறிமுகமாகிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் மைக்கோபாக்டீரியம் பால்னேய். குளியலைச் சேர்ந்தது என்பது பொருள். குளத்தின் சொரசொரப்பான பரப்பில் உரசும்போது ஏற்படும் சிராய்ப்பு வழியாகக் கிருமி தோலுக்குள் புகுகிறது என்பது அன்று முதல் பாடநூல் செய்தியாயிற்று.

ஜோபெல் 1943இல் எழுதியதை இங்கே நினைவுகூர வேண்டும். ஊட்டம் குறைந்த நீரில் பாக்டீரியாக்கள் பரப்பை நாடிச் செறிகின்றன என்று அவர் காட்டி 11 ஆண்டுகள் கழித்து, சுவரில் உரசியவர்களின் புண்ணைப் பற்றிய இவ்வாய்வு நூல் வெளிவருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று மற்றொன்றின் தொடர்ச்சியாகவே தோன்றும். ஆனால் முன்னது பாக்டீரியாவியல் இதழில் கடலியலாளர் எழுதியது. பின்னது காசநோய் இதழில் மருத்துவர்கள் எழுதியது. அமிலம் தாங்கும் கோலுயிரி என்றவுடன் மருத்துவர்களின் எண்ணம் காசநோயை நோக்கிச் சென்றது இயல்பே. அக்காலத்தில் அவர்கள் அஞ்சியதும் அதைத்தான். ஒரு குழந்தையின் முழங்கைப் புண் தோல் காசநோயா, அன்றா என்னும் கேள்வி அக்குடும்பத்தின் வாழ்க்கையைத் தீர்மானிக்கக்கூடியதாக இருந்த காலம் அது. சுவரின் வழுக்கலில் இன்னும் எவையெல்லாம் வாழ்கின்றன என்று கேட்க அன்றைய மருத்துவத்திற்கு உடனடித் தேவை இருக்கவில்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிளன்வுட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரின் வெந்நீர்க் குளத்தோடு தொடர்புடைய நோயாளிகள் பற்றி பில்பாட் குழுவினர் 1963இல் வெளியிட்ட ஆய்வு 290 பேரைப் பதிவு செய்தது. ‘நீச்சல்குளச் சிறுமணிக்கட்டி’ என்னும் பெயர் அதன்வழி நிலைபெற்றது. அதற்கு ஓராண்டு முன்னர், 1962இல், ஸ்விப்டும் கோஹெனும் வீட்டு மீன்தொட்டியில் கை சிராய்த்ததால் உண்டான தொற்றை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் விவரித்தனர். குளங்களின் பராமரிப்பும் குளோரின் பயன்பாடும் மேம்பட்டபின் மீன்தொட்டியே முதன்மைக் காரணமாயிற்று. பிரான்சில் ஆப்ரி குழுவினர் 2002இல் வெளியிட்ட 63 நோயாளிகளின் ஆய்வில் 84 விழுக்காட்டினருக்கு மீன்தொட்டித் தொடர்பு இருந்தது.

மீனிலும் மனிதரிலும் கண்ட இவ்வுயிர்கள் ஒன்றே என்பது 1950களின் இறுதி தொட்டுப் படிப்படியாக ஏற்கப்பட்டது. பிளாட்டிபொய்சிலஸ், பால்னேய் ஆகிய பெயர்கள் கைவிடப்பட்டு மரைனம் என்னும் பழைய பெயரே நின்றது. கடல்மீன், அலங்கார மீன், குளியல் என மூன்று பெயர்களும் கண்டறிந்தவரின் பார்வைக்கு எட்டிய இடத்தையே குறித்தன. இம்மூன்றுக்கும் பொதுவான உறைவிடம், அதாவது நீர் தொடும் பரப்பு, எந்தப் பெயரிலும் இடம்பெறவில்லை.

நோயின் இயல்பும் இத்தொடர்பை மறைத்தது. ஜெர்னிகனும் பாரும் 2000இல் முந்தைய அறிக்கைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சிராய்ப்புக்கும் புண் வெளிப்படுவதற்கும் இடைப்பட்ட காலத்தின் நடுவளவு 21 நாள்கள் எனவும், அது 5 நாள் முதல் 270 நாள் வரை வேறுபடுவதாகவும் கண்டனர். ஒன்பது மாதத்துக்கு முன் தொட்டியைக் கழுவியபோது விரலில் பட்ட கீறலை எவர் நினைவில் வைத்திருப்பார்? மருத்துவர் கேட்டாலன்றி நோயாளி சொல்வதில்லை. மீன்தொட்டி உண்டா என்று கேட்கத் தோன்றாத மருத்துவரிடம் நோய் பெயரில்லாமலே மாதக்கணக்கில் நீடிக்கும்.

37 பாகை

இரு துறைகளைப் பிரித்த காரணங்களுள் மிக எளியதும் மிக வலியதும் ஆய்வகத்தின் வளர்வெப்பப் பெட்டி எனலாம். ராபர்ட் காக் 1882இல் காசநோய்க் கோலுயிரியை அறிவித்தது முதல், ஓர் உயிரைத் தனியே பிரித்துத் தூய வளர்ப்பாக வளர்ப்பது மருத்துவ நுண்ணுயிரியலின் இலக்கணமாயிற்று. மனித உடலின் வெப்பநிலையாகிய 37 பாகை செல்சியஸ் அந்த வளர்ப்பின் இயல்பான அளவாயிற்று. உள்ளுறுப்புகளின் நோய்களுக்கு இது பொருத்தமானது. ஆனால் கைவிரலின் தோல் 37 பாகையில் இருப்பதில்லை. கடலும் தொட்டியும் அவ்வளவு வெப்பத்தில் இருப்பதில்லை. மைக்கோபாக்டீரியம் மரைனம் 30 முதல் 33 பாகையில் நன்கு வளர்வது. முதல் வளர்ப்பில் 37 பாகையில் வளராமலே போகக்கூடும். உடலின் குளிர்ந்த பகுதிகளாகிய கை, முழங்கை, முழங்கால் ஆகியவற்றிலேயே அது பெரும்பாலும் தங்கிவிடுவதற்கும் இதுவே காரணம்.

இதற்கு முன்னோடியான நிகழ்வொன்று ஆஸ்திரேலியாவில் உண்டு. விக்டோரியா மாநிலத்தின் பெர்ன்ஸ்டேல் பகுதியில் காணப்பட்ட ஆழ்ந்த தோல்புண்களின் காரணியை மக்கல்லம் குழுவினர் 1948இல் அறிவித்தனர். வழக்கமான வெப்பநிலையில் வளராத அவ்வுயிர் 33 பாகை அளவில் வளர்ந்தது. பின்னர் மைக்கோபாக்டீரியம் அல்சரன்ஸ் எனப் பெயர்பெற்ற அது, மரைனத்தை ஒத்த ஒரு மூதாதையிடமிருந்து கிளைத்தது என்பதை இந்நூற்றாண்டின் மரபணுத்தொகை ஆய்வுகள் காட்டின. புண்ணை ஆழமாக்கும் நச்சுப்பொருளை ஆக்கும் மரபணுக்கள் அதற்குத் தனியாக வந்து சேர்ந்த ஒரு பிளாஸ்மிடில் உள்ளன.

பெட்டியின் வெப்பநிலையை நான்கைந்து பாகை குறைப்பது செலவில்லாத செயல். அதைச் செய்ய வேண்டும் என்பதற்கான எண்ணம், நோய்க்காரணி உடலுக்கு வெளியே எங்கே வாழ்கிறது என்று கேட்பவருக்கே தோன்றும். இன்று தோல், மூட்டு மாதிரிகளை 30 பாகையிலும் வைத்து வளர்ப்பது ஆய்வக விதியாக உள்ளது. ஆயினும் மருத்துவர் அதனைக் குறிப்பிட்டுக் கேட்காத இடங்களில் ‘வளர்ச்சி இல்லை’ என்னும் முடிவு வந்து, நோயாளி தேவையற்ற மருந்துகளையும் அறுவைகளையும் சந்திக்க நேர்வதுண்டு.

‘காயம் உண்டாக்குவது’

மெதுவாக வளரும் மரைனத்துக்கு நேர்மாறானது விப்ரியோ வல்னிபிகஸ். வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் இது, காயத்தின் வழியே புகுந்தால் ஓரிரு நாள்களுக்குள் தசையை அழுகச் செய்து, ஈரல் நோயுடையோரின் உயிரையும் பறிக்க வல்லது. 1970இல் ரோலண்டு நியூ இங்கிலாந்துக் கடலோரத்தில் நேர்ந்த தொற்றால் காலில் தசையழுகலும் அதிர்ச்சி நிலையும் கண்ட ஒருவரைப் பற்றி எழுதினார். அதன் காரணியாக விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸைக் குறித்தார். அது உண்மையில் வல்னிபிகஸாக இருந்திருக்க வேண்டும் என்பது பின்வந்த ஆய்வாளர் சிலரின் கருத்து.

1976இல் ஹாலிஸ் குழுவினர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட, லாக்டோசைப் புளிக்கச் செய்யும் உப்பு விரும்பி விப்ரியோ ஒன்றை விவரித்தனர். அதே ஆண்டில் கடல் பாக்டீரியாக்களை வகைப்படுத்தி வந்த ரைக்கெல்ட், பாமன் ஆகியோர் பெனெக்கியா வல்னிபிகா என்னும் பெயரைத் தந்தனர். காயம் உண்டாக்குவது என்பது அதன் பொருள். 1979இல் பிளேக் குழுவினர் 39 நோயாளிகளை ஆராய்ந்து, உணவு வழியாக வரும் இரத்தத் தொற்று, கடல்நீர் பட்ட காயத்தின் வழியாக வரும் தொற்று என இருவகை நோய்நிலைகளைப் பிரித்துக் காட்டினர். அதே ஆண்டில் பார்மர் விப்ரியோ வல்னிபிகஸ் என்னும் இன்றைய பெயரை முன்வைத்தார். மரைனத்தின் மூன்று பெயர்கள் ஒன்றாக இருபது முப்பது ஆண்டுகள் ஆயின. இங்கே மருத்துவரும் கடல் வகைப்பாட்டாளரும் ஒரே உயிரைத்தான் பேசுகின்றனர் என்பது மூன்றாண்டுகளில் தெளிவாயிற்று. துறைகளுக்கு இடையிலான தொலைவு குறையத் தொடங்கியதற்கு இதனை ஓர் அடையாளமாகக் கொள்ளலாம்.

அதற்கு வழிசெய்தவர்களுள் ரீட்டா கால்வெல் குறிப்பிடத்தக்கவர். செசப்பீக் விரிகுடாவில் கனேகோவுடன் 1970களில் அவர் செய்த ஆய்வு, விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் குளிர்காலத்தை அடிச்சேற்றில் கழித்து, கோடையில் மிதவை உயிரினங்களின் கைட்டின் ஓட்டில் ஒட்டிப் பெருகுவதைக் காட்டியது. நீரை மட்டும் முகந்து ஆராய்ந்தவருக்குக் குளிர்காலத்தில் அது இல்லாததாகவே தோன்றும். 1982இல் அவருடைய குழு, உயிரோடு இருந்தும் வளர்ப்பு ஊடகத்தில் வளராத நிலை பாக்டீரியாக்களுக்கு உண்டு என்று வெளியிட்டது. மருத்துவ ஆய்வகத்தின் ‘வளர்ச்சி இல்லை’ என்னும் சொற்றொடர் அதன்பின் முன்பிருந்த உறுதியோடு நிற்க இயலவில்லை.

ஒளிரும் பாக்டீரியாவிலிருந்து மருத்துவமனைக்கு

கடல் ஆய்விலிருந்து மருத்துவத்துக்கு வந்த மிகப் பெரிய கருத்து, தோலையோ காயத்தையோ ஆராய்ந்தவர்களிடமிருந்து வரவில்லை. நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் 1970இல் ஒளிரும் கடல் பாக்டீரியாக்கள் போதிய அடர்த்தியை எட்டியபின்னரே ஒளிரத் தொடங்குவதையும், அதற்கு அவை தாமே வெளியிடும் ஒரு பொருள் தூண்டுதலாவதையும் கண்டறிந்தனர். அப்பொருளின் வேதி அமைப்பு 1981இல் தெரியவந்தது. இவ்வியல்பு பல்வேறு பாக்டீரியாக்களில் இருப்பது உணரப்பட்டு, 1994இல் தனிப் பெயரும் பெற்றது. தமிழில் அதனைத் திரளுணர்வு எனலாம். டேவிஸ் குழுவினர் 1998இல், மருத்துவமனைத் தொற்றுகளுக்குக் காரணமான சூடோமோனாஸ் ஏருஜினோசா முதிர்ந்த உயிர்ப்படலம் அமைப்பதற்கு இத்தகைய சமிக்ஞை தேவை என்று காட்டினர். ஆஸ்திரேலியக் கடலின் டெலிசியா புல்க்ரா என்னும் சிவப்புப் பாசி தன் மேற்பரப்பில் படிவு சேராமல் காக்கப் பயன்படுத்தும் பியூரனோன் பொருள்கள் இச்சமிக்ஞையைக் குலைப்பதும் 1990களில் தெரியவந்தது.

வில்லியம் காஸ்டர்டன் 1978இல் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் பாக்டீரியாக்கள் ஒட்டும் முறை பற்றி ஜீசி, செங் ஆகியோருடன் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கம் எனப் பலராலும் போற்றப்படுகிறது. ஓடையின் கல்லையும் உடலின் திசுவையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பார்க்க வைத்தது அக்கட்டுரையின் அருஞ்செயல். 1999இல் ஸ்டுவர்ட், கிரீன்பெர்க் ஆகியோருடன் ‘சயன்ஸ்’ இதழில் அவர் எழுதியது நாட்பட்ட தொற்றுகளை உயிர்ப்படல நோய்களாகக் காணும் பார்வையை மருத்துவத்தில் ஊன்றியது. எனினும் அவரையே தொடக்கமாகக் கொள்வது ஜோபெல், ஹென்ரிசி ஆகியோரின் கண்ணாடித் தகடுகளை மறைத்துவிடுகிறது. காஸ்டர்டன் துறையைத் தொடங்கினார் என்பதினும், பிரிந்திருந்தவற்றை இணைத்தார் என்பதே பொருத்தமாகும்.

இந்த இணைப்பு மரைனத்தை வந்தடைய மேலும் காலமாயிற்று. ஹால்-ஸ்டூட்லி குழுவினர் 2006இல் மைக்கோபாக்டீரியம் மரைனம் உயிர்ப்படலம் அமைக்கும் முறையையும், அதில் செல்கள் கயிறுபோல் முறுக்கிய திரள்களாக நிற்பதையும் விவரித்தனர். ஆரன்சன் அவ்வுயிரைக் கண்டறிந்து அப்போது 80 ஆண்டுகள் ஆகியிருந்தன. இதனிடையே, பரோடாவில் மருத்துவம் பயின்ற லலிதா ராமகிருஷ்ணனின் குழு 2002இல், ஒளி ஊடுருவும் வரிக்குதிரை மீனின் கருவில் மரைனத்தைச் செலுத்தி, சிறுமணிக்கட்டி உருவாவதை உயிருள்ள நிலையிலேயே காட்டியிருந்தது. காசநோயோடு குழப்பிக்கொள்ளப்பட்ட உயிர், காசநோயை விளங்கிக்கொள்ளும் கருவியாயிற்று. மீனின் நோயாக 1926இல் தொடங்கியது மீனிடமே திரும்பி வந்தது.

தமிழகக் கடலோரத்து ஆய்வுகள்

இவ்விரு ஆய்வு மரபுகளும் தமிழகக் கடலோரத்திலும் தனித்தனியே காணப்படுகின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தில் நாயர், ஆபிரகாம், நடராசன் ஆகியோர் அங்குப் பிடிக்கப்பட்ட மீன்களில் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பருவந்தோறும் எவ்வாறு பரவியிருந்தது என்பதை ஆராய்ந்து 1980இல் வெளியிட்டனர். அவர்களுள் ஜி. பாலகிருஷ் நாயர் பின்னர் காலரா ஆய்வில் உலகப் புகழ் பெற்றார். கல்பாக்கத்தில் நிலை வேறு. 1984இல் செயற்படத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம் குளிர்விப்புக்கான கடல்நீரைக் கடலடியில் 468 மீட்டர் நீளமுள்ள சுரங்கவழியாகப் பெறுகிறது. அச்சுரங்கத்தில் பச்சைச் சிப்பிகளும் கொட்டலசுகளும் பெருமளவில் படிந்ததால், உயிர்ப்படலம், உயிரிப்படிவு, குளோரின் கட்டுப்பாடு ஆகியவை பற்றிய தொடர் ஆய்வு அங்கு வளர்ந்தது. முன்னது உடல்நலத்தை நோக்கியது, பின்னது குழாயை நோக்கியது. ஜோபெல் காலத்துப் பிரிவு வங்கக் கடலோரத்திலும் அதே வடிவில் அமைந்தது எனலாம். மீன் பிடிப்போர், மீன் அறுப்போர், அலங்கார மீன் வளர்ப்போர் என நீர்ப்பரப்பில் நாளும் கைபடுவோர் நிறைந்த இக்கடலோரத்தில், அவர்களின் ஆறாத கைப்புண்ணை நோக்கிய கேள்வி இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

மரபணு வரிசையும் மனிதத் தோலும்

வளர்ப்பு ஊடகத்தை நம்பாமல், நீரிலோ படலத்திலோ உள்ள மரபணுக்களை நேரடியாகப் படிக்கும் முறைகள் வந்தபின், ஜோபெல்லின் கண்ணாடித் தகட்டில் யார் யார் இருந்தனர் என்று கேட்க முடிந்தது. டாங்கும் லவலும் 2000இல் தென் கரோலினா உவர்நீர்ச் சதுப்பில் மூழ்கிய பரப்புகளை முதலில் பற்றுபவற்றுள் ரோசியோபாக்டர் குழுவினம் முதன்மை பெறுவதைக் காட்டினர். 2019இல் ஜாங், சியான் ஆகியோரின் குழு 101 கடல் உயிர்ப்படல மாதிரிகளை ஆராய்ந்து, முந்தைய கடல்நீர் ஆய்வுகளில் காணப்படாத 7,300க்கும் மேற்பட்ட இனங்களை அறிவித்தது. நீரை முகந்து எண்ணுவது படலத்தை எண்ணுவதாகாது என்னும் ஹென்ரிசியின் கருத்து இவ்வாறு எண்களால் உறுதிப்பட்டது.

இம்முறைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. அது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. செட்லர், மின்சர், அமரல்-செட்லர் ஆகியோர் 2013இல் வட அட்லாண்டிக் கடலில் மிதக்கும் நெகிழித் துண்டுகளின் நுண்ணுயிர்ச் சமூகத்தை விவரித்தபோது, ஒரு மாதிரியில் வரிசைகளில் ஏறக்குறைய 24 விழுக்காடு விப்ரியோவைச் சேர்ந்தவையாக இருந்தன. நெகிழி நோயைச் சுமக்கிறது என்னும் செய்தியாக இது பரவியது. ஆனால் விப்ரியோ என்பது ஒரு பேரினப் பெயர்; அதன் இனங்களில் மிகுதியானவை மனிதருக்குத் தீங்கற்றவை. ஒளிரும் கடல் பாக்டீரியாவும் வல்னிபிகஸும் அக்குடும்பத்தின் உறவினங்களே. பேரினத்தைக் கொண்டு நோயை ஊகிப்பது, அமிலம் தாங்கும் கோலுயிரி கண்டவுடன் காசநோய் என்று எண்ணியதற்கு நிகரான பிழை. கிர்ஸ்டைன் குழுவினர் 2016இல் வட கடல், பால்டிக் கடல் ஆகியவற்றின் நுண்ணெகிழிகளிலிருந்து விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸை வளர்ப்பு முறையால் பிரித்தெடுத்தனர் என்பது இவ்வகையில் கூடுதல் மதிப்புடையது. அவர்கள் மரபணு வரிசையோடு நின்றுவிடாமல் பழைய வளர்ப்பு முறைக்கும் திரும்பினர்.

கடலின் நுண்ணுயிரும் மனிதத் தோலும் ஒரே ஆய்வில் நேராகச் சந்தித்தது 2019இல். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் நீல்சனும் ஜியாங்கும் 9 தன்னார்வலரைக் கடலில் 10 நிமிடம் நீந்தச் செய்து, நீந்துவதற்கு முன்னும், நீந்தியபின் தோல் காய்ந்ததும், 6 மணி நேரம், 24 மணி நேரம் கழித்தும் அவர்கள் தோலின் நுண்ணுயிர்களை ஆராய்ந்தனர். நீந்திய அனைவரின் தோலிலும் விப்ரியோ இருந்தது. தோலில் அதன் பங்கு கடல்நீரில் இருந்த பங்கைக் காட்டிலும் பத்து மடங்குக்கு மேல். 6 மணி நேரம் கழித்தும் பெரும்பாலோரிடம் அது எஞ்சியிருந்தது. 24 மணி நேரத்தில் ஒருவரிடம் மட்டுமே காணப்பட்டது. இவ்விப்ரியோக்கள் நோய் விளைவிப்பவை என்று அவ்வாய்வு கூறவில்லை. கடல்நீரைவிடத் தோலில் அவை மிகுந்திருந்தன என்பது, ஜோபெல்லின் கண்ணாடித் தகட்டைப் போலவே தோலும் கடல் பாக்டீரியாக்களுக்கு ஒட்டத்தக்க ஒரு பரப்பு என்பதையே காட்டுகிறது. அப்பரப்பில் கீறல் இருக்கும்போது அந்தச் சில மணி நேரத்தில் என்ன நிகழ்கிறது என்பதை, உடல்நலமுள்ள ஒன்பது பேரின் முழுத்தோலைக் கொண்டு அறிய இயலாது.